முள் மட்டும் வருகிறது, பூ எங்கே? மனோரஞ்சிதம் வளர்ப்பவருக்கு ஒரு பதில்

கொடுங்கையூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். செங்குன்றம் பக்கம் சாலையோர நர்சரி ஒன்றில் மனோரஞ்சிதம் என்று சொல்லி வாங்கிய கன்று. நாலு வருஷம் ஆகிறது, காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிவிட்டது, தண்டெல்லாம் முள், பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. கேள்விகள் நாலு. நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டாரா? இது மரமா, செடியா, கொடியா? நினைத்த பழத்தின் வாசனை வரும் என்கிறார்களே, உண்மையா? கடைசியாக, மாமியார் "பாம்பு வரும், வெட்டிப் போடு" என்கிறார், வெட்டிவிடலாமா?

முதலில் அவசரமான பதில்: வெட்ட வேண்டாம். யாரும் ஏமாற்றவும் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் தெரியும் முள்தான் அது மனோரஞ்சிதம் என்பதற்கே சாட்சி. பூ வராததற்குக் காரணம் உங்கள் கையிலிருக்கும் கத்தரி என்று சந்தேகப்படுகிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் இந்தச் செடி எப்படி வளர்கிறது என்று பார்க்க வேண்டும். நான் தாவரவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு மனோரஞ்சிதம் இருக்கிறது. எனவே கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனோரஞ்சிதம் மரக்கொடி. பூசணி, பாகல் மாதிரி ஒரு பருவத்தில் காய்ந்து போகிற கொடி இல்லை, தண்டு கட்டையாகி வருஷக்கணக்கில் நிற்கிற கொடி. இதன் பேரினத்துக்கு ஆர்டாபாட்ரிஸ் என்று பெயர். ராபர்ட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் 1820-இல் வைத்த பெயர். தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் ஆடிக்கொண்டே இருப்பதற்கு 'பிரவுனிய இயக்கம்' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்களே, அதே பிரவுன்தான். கிரேக்கத்தில் ஒரு சொல்லுக்குத் தொங்கவிடுதல் என்று அர்த்தம், இன்னொன்றுக்குத் திராட்சைக் குலை. மாட்டித் தொங்கவிட்ட திராட்சைக் குலை என்று வைத்துக்கொள்ளலாம். காய்த்த மனோரஞ்சிதத்தைப் பார்த்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்று தோன்றும்.

இந்தப் பேரினத்தில் சுமார் நூறு இனங்கள் உண்டு. ஆப்பிரிக்காவின் வெப்பக் காடுகளிலிருந்து இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கின்றன. கிட்டத்தட்ட எல்லாமே மரக்கொடிகள், எல்லாவற்றிலும் கொக்கி உண்டு. நம் வீட்டில் வளர்ப்பது ஆர்டாபாட்ரிஸ் ஹெக்ஸாபெட்டாலஸ். இரண்டாவது சொல்லுக்கு 'ஆறு இதழ் உள்ளது' என்று பொருள். பழைய புத்தகங்களில் ஓடரட்டிஸிமஸ் என்று போட்டிருப்பார்கள், 'மிகமிக மணமுள்ளது' என்று அர்த்தம், அந்தப் பெயரே நன்றாக இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜெய்லானிகஸ் என்று இதன் பங்காளி ஒன்று காட்டில் தானாகவே வளர்கிறது.

குடும்பம் எது தெரியுமா? சீதாப்பழக் குடும்பம். ராம்சீதா, முள்சீதா, சென்னையில் பள்ளிக்கூடச் சுவரோரமெல்லாம் குச்சி மாதிரி நட்டு வைத்து 'அசோக மரம்' என்று தப்பாகச் சொல்கிறார்களே அந்த நெட்டிலிங்கம், எல்லாம் ஒரே குடும்பம். சுமார் 2,400 இனங்கள் கொண்ட பெரிய சம்சாரம். அதில் பெரும்பாலானவை மரமும் புதரும். ஏறுவதற்குப் புறப்பட்ட சில கிளைகளில் மனோரஞ்சிதத்தின் கிளையும் ஒன்று.

ஏறுவது என்றால் எப்படி? இங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் வீட்டுக் கொடிகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சங்குப்பூவும் சீந்திலும் தண்டாலேயே சுற்றிக்கொண்டு ஏறும். பாகலும் பிரண்டையும் பற்றுக்கம்பியை நீட்டிப் பிடிக்கும். வெற்றிலையும் மணி பிளான்ட்டும் கணுவில் வேர் விட்டுச் சுவரோடு ஒட்டும். ரங்கூன் மல்லி இருக்கிறதே, வெள்ளையாகப் பூத்து மறுநாள் ரோஸாகி அப்புறம் சிவக்கும், பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு காலத்தில் மாடிப்படி வளைவெல்லாம் அதுதான் தொங்கும், அது இலை உதிர்ந்த பிறகு காம்பின் அடியை மட்டும் வைத்துக்கொண்டு அதையே முள்ளாக்கி மாட்டிக்கொள்ளும். மனோரஞ்சிதம் இவை எதையும் செய்வதில்லை. அதன் தண்டு சுற்றாது, பற்றுக்கம்பி கிடையாது, சுவரில் ஒட்டவும் தெரியாது. அது பூங்கொத்தின் காம்பையே கொக்கியாக மாற்றி மாட்டிக்கொள்கிறது.

திரும்பவும் சொல்கிறேன், பூங்கொத்தின் காம்பு. இதைத்தான் பல பேர் கவனிப்பதில்லை. கொக்கியை முள் என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள்.

கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்குகிறவர்கள் கையில் ஒரு கொக்கி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். மரப்பிடி, அதிலிருந்து வளைந்த இரும்பு, சாக்கில் ஒரு கொத்து, இழுத்தால் வந்துவிடும். மனோரஞ்சிதத்தின் கொக்கி கிட்டத்தட்ட அதே வடிவம், ஆனால் விரல் நுனி அளவு. பக்கவாட்டில் சற்றுத் தட்டையாக, முழுதாக வளைந்து, அடியைத் திரும்பிப் பார்க்கும். பச்சையாக இருக்கும்போது விரலில் மாட்டி இழுத்தால் வளைந்துகொடுக்கும். ஒரு கம்பியிலோ கிளையிலோ மாட்டிக்கொண்டால் கதை வேறு. பிடி கிடைத்த கொக்கி மெதுவாகத் தடிக்க ஆரம்பிக்கும், கட்டையாகும், பிடித்த பொருளைச் சுற்றி இறுகும். எங்கள் வீட்டுக் கொடி தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள் ஒயரைப் பிடித்து ஒரு வருஷம் இருந்தது. அப்புறம் ஒயர் மாற்ற வந்த பையன் அந்தக் கொக்கியைக் கழற்றப் பார்த்தான், முடியவில்லை. பல்லால் கடிக்காத குறை. கடைசியில் கட்டிங் பிளேயர் வைத்துத்தான் வெட்டினான். வெட்டி விழுந்த துண்டை இன்னும் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், பார்ப்பதற்கு மாட்டுக்கொம்பில் கடைந்த பொம்மைக் கொக்கி போல இருக்கிறது.

தொட்டால் தடிக்கும் இந்தக் கொக்கியை ஜாவாத் தீவின் போகோர் தாவரவியல் தோட்டத்தில் இயக்குநராக இருந்த டிரூப் என்ற டச்சுக்காரர் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருக்கிறார். எட்டிக் குடும்பத்துக் கொடிகளிலும் இப்படிக் கொக்கிகள் உண்டு, வேறு வேறு குடும்பங்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்த ஒரே வித்தை.

சரி, உங்கள் முள்ளுக்கு வருவோம். மனோரஞ்சிதத்தில் இரண்டு வகைத் தண்டு உண்டு. ஒன்று நேராக மேலே போகும் தண்டு. கன்றிலிருந்து முதலில் வருவது இதுதான். வேரடியிலிருந்து புதிதாகத் துளிர்த்து வருவதும் பெரும்பாலும் இதுதான். இந்த நிமிர்ந்த தண்டில் இலைக்கக்கத்தில், அதாவது இலைக்காம்பு தண்டோடு சேரும் மூலையில், முள் இருக்கும். கிளையாக வந்திருக்க வேண்டிய மொட்டு கூர்மையான முள்ளாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோஜா முள்ளைப் போலத் தோலிலிருந்து பெயர்ந்து வராது, உள்ளே கட்டையோடு சேர்ந்தது. இன்னொரு வகை, நிமிர்ந்த தண்டிலிருந்து படுக்கையாகப் புறப்படும் பக்கக் கிளைகள். இலைகள் இடம் வலமாக, ஒரே தளத்தில் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் தட்டையான விசிறி மாதிரி. கொக்கி இந்தக் கிளைகளில்தான் வரும். முள்போல இலைக்கக்கத்தில் வராது. இலை ஒரு பக்கம் இருந்தால் கொக்கி அதற்கு நேர் எதிர்ப்பக்கம். பிரண்டையில் இலைக்கு எதிரே பற்றுக்கம்பி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருந்தால் உடனே பிடிபடும்.

இப்போது உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஊகித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலை அடைக்கிறது என்பார், ஸ்கூட்டர் நிறுத்த இடைஞ்சல் என்று வீட்டில் சொல்வார்கள், உடனே பக்கக் கிளைகளைக் கத்தரிப்பீர்கள். கத்தரித்ததும் அடியிலிருந்து வேகவேகமாக நிமிர்ந்த தண்டுகள் நாலு கிளம்பும். எல்லாம் முள். அடுத்த ஆறு மாதத்தில் மறுபடியும் பக்கம் கிளைக்கும், மறுபடியும் கத்தரிப்பீர்கள். பூக்கும் பகுதியை மட்டும் ஒழுங்காக வருஷம் இரண்டு முறை அகற்றிக்கொண்டே இருந்தால் அது எப்படிப் பூக்கும்? படத்தில் தெரியும் தண்டுகள் எல்லாம் ஒட்டடைக் கம்பு மாதிரி நிமிர்ந்திருக்கின்றன, விசிறிக் கிளை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அதனால்தான் முதலிலேயே கத்தரி மேல் சந்தேகம் என்றேன்.

நாலு வருஷம் என்பதும் கவலைப்பட வேண்டிய கணக்கு இல்லை. விதையிலிருந்து வந்த கன்று என்றால் பூக்கச் சில வருஷங்கள் எடுத்துக்கொள்ளும். பதியம் போட்டு எடுத்த கன்று என்றால் சீக்கிரம் பூக்கும். சாலையோர நர்சரியில் எதைக் கொடுத்தார்கள் என்று இப்போது கண்டுபிடிப்பது கஷ்டம்.

பூவைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது, இவ்வளவு பேர் இதை வளர்ப்பதே அதற்காகத்தானே. கொக்கியின் வளைந்த முதுகில் ஒன்றோ இரண்டோ மொட்டு வரும், பச்சையாக. மொட்டு விரிந்த பிறகும் பூ பச்சையாகவே இருக்கும். ஒரு வாசனையும் இருக்காது. இலை நடுவில் இலை மாதிரியே தொங்கும், கண்ணுக்குத் தெரியாது. இந்தியில் இதை 'ஹரி சம்பா' என்கிறார்கள், பச்சைச் சம்பங்கி. சில நாட்களில் இதழ் நீண்டு தடித்து, பச்சை மங்கி, மஞ்சளுக்குத் திரும்பும். அப்போதுதான் வாசனை. எங்கள் தெருவில் பால் பாக்கெட் போடுகிறவர் காலை ஐந்தரைக்கு வாசலில் சைக்கிளை நிறுத்தி, "சார், பூ பழுத்திடுச்சு" என்பார். பூத்திடுச்சு என்று சொல்லமாட்டார். அவர் சொல்வதுதான் சரியான சொல். இந்தப் பூ காய் போலப் பச்சையாக இருந்து, பழம் போலப் பழுக்கிறது.

ஒரு மஞ்சள் பூவை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். வெளியே சின்னதாக மூன்று புல்லிகள். அடுத்து மூன்று இதழ்கள், அவற்றுக்கு உள்ளே இன்னும் மூன்று. எல்லாம் மூன்று மூன்றாக. இருவித்திலைச் செடிகளில் நாலு, ஐந்து என்று இதழ் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரம். சீதாப்பழப் பூவிலும் இதே மூன்றின் கணக்குதான், செண்பகத்தின் சொந்தக்காரக் குடும்பங்கள் சிலவற்றிலும் இது உண்டு. இதழ் ஒவ்வொன்றும் தடிமனாக, தோல் போல, மூன்று நாலு சென்டிமீட்டர் நீளம். இதழின் அடிப்பகுதி குழிந்த கரண்டி போல இருக்கும், அதற்கு மேலே இடுப்பு ஒடுங்கியிருக்கும், அதற்கும் மேலேதான் அகலமான நாக்கு விரியும். ஆறு இதழ்களின் குழிந்த அடிகளும் சேர்ந்து நடுவில் ஒரு சின்ன அறை கட்டிவிடும். மகரந்தத்தாள்களும் சூலகங்களும் அந்த அறைக்குள் ஒளிந்திருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. நீங்கள் ஒரு இதழைக் கிள்ளி எடுத்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்: குட்டைக் குட்டையாக நிறைய மகரந்தத்தாள்கள், ஒவ்வொன்றின் தலையும் தட்டையாக, ஒன்றோடு ஒன்று நெருங்கிக் கருங்கல் பாவிய தரை மாதிரி. அவற்றின் நடுவில் தனித்தனிச் சூலகங்களின் சூல்முடிகள்.

இந்த அறை யாருக்காக? தேனீக்கு இல்லை, வண்ணத்துப்பூச்சிக்கும் இல்லை. சின்னஞ்சிறு வண்டுகளுக்கு. எள்ளு அளவுகூட இருக்காது சில. பழுத்த பழத்தை, அழுகிய பழத்தைத் தேடிப் போகும் வண்டு வகைகள் உண்டு, அவை பழ வாசனையை நம்பி இந்த இடுக்கு வழியாக உள்ளே நுழைகின்றன. பூ முதலில் பெண்ணாக இருக்கும், அப்புறம்தான் ஆணாகும். சூல்முடிகள் ஈரமாக, மகரந்தம் வாங்கத் தயாராக இருக்கும் நேரத்தில் அதே பூவின் மகரந்தப் பைகள் திறந்திருக்காது. அந்தக் கட்டம் முடிந்த பிறகுதான் மகரந்தம் கொட்டும், வண்டு அதைப் பூசிக்கொண்டு வேறு பூவுக்குப் போகும். தன் மகரந்தம் தன் சூலகத்தில் விழாமல் இருக்க இது ஒரு ஏற்பாடு. சீதாப்பழம் வளர்ப்பவர்கள் தூரிகை வைத்துக் கையால் மகரந்தம் தடவுகிறார்களே, அது இந்த நேர வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான்.

இப்போது நினைத்த பழத்தின் வாசனை. 'மனோ' என்று பெயரிலேயே இருக்கிறது, மனத்தை மகிழ்விப்பது என்றுதான் பொருள், ஆனால் நம் ஊரில் மனத்தில் நினைத்ததைத் தருவது என்று கொஞ்சம் இழுத்துவிட்டார்கள். பூ உங்கள் மனத்தைப் படிக்காது. ஆனால் அந்தப் பேச்சு முழுப் பொய்யும் இல்லை.

பழ வாசனைகள் பெரும்பாலும் எஸ்டர் என்னும் வேதிப்பொருள் வகையால் வருகின்றன. பெட்டிக்கடைக் குச்சி ஐஸில் விடும் வாழைப்பழ எசன்ஸ் ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர். அன்னாசி எசன்ஸில் எத்தில் பியூட்டிரேட். உண்மையான பழத்தில் ஒரே ஒரு எஸ்டர் இருப்பதில்லை, பல எஸ்டர்கள் வேறு வேறு விகிதத்தில் கலந்திருக்கும், ஒரு பழத்தில் இருப்பது இன்னொன்றிலும் கொஞ்சம் இருக்கும். மனோரஞ்சிதம் தருவதும் இப்படி ஒரு எஸ்டர் கலவைதான். அதில் பலாவின் சாயல் இருக்கிறது, வாழையின் சாயல் இருக்கிறது, அன்னாசியும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. மூக்குக்குத் தெளிவான விடை கிடைக்காதபோது, மூளை முன்கூட்டியே கேட்ட பதிலைப் பிடித்துக்கொள்கிறது. ஆப்பிள் என்று சொல்லிவிட்டு முகர்ந்தால் ஆப்பிள்.

வகுப்பில் இதைச் செய்து காட்டுவேன். ஒரே கொடியில் பறித்த பூக்களைத் தனித்தனிக் கைக்குட்டையில் கட்டி, முதல் வரிசையிடம் "பலாப்பழம் எசன்ஸ் எப்படி இருக்கிறது பார்" என்று கொடுப்பேன். கடைசி வரிசையிடம் "அன்னாசி எசன்ஸ்". நடு வரிசையிடம் ஒன்றும் சொல்லாமல் "என்ன இது?" என்பேன். முன்னும் பின்னும் இருப்பவர்கள் அடித்துச் சொல்வார்கள், நடுவில் இருப்பவர்கள்தான் குழம்புவார்கள். காசிமேட்டிலிருந்து வந்த ஒரு பையன் மட்டும் ஒரு தடவை, "சார், இது எங்க பாட்டி டிரங்குப் பெட்டி வாசனை" என்றான். அவன்தான் கண்டுபிடித்தான். பாட்டிமார்கள் பட்டுப்புடவை மடிப்பில் இதன் பூவை வைப்பது வழக்கம்.

வங்காளத்தில் இதற்கு 'காட்டாலி சம்பா' என்று பெயர், காட்டால் என்றால் அவர்கள் ஊரில் பலாப்பழம். அங்கே எல்லாரும் பிறந்ததிலிருந்து பலா என்று கேட்டு வளர்கிறார்கள், எல்லாருக்கும் பலாவாகவே மணக்கிறது. நம்மிடம் ஆளுக்கு ஒரு பழம்.

பூவுக்குப் பிறகு காய். ஒரு பூவில் பல தனித்தனிச் சூலகங்கள் என்று சொன்னேன் அல்லவா, கருவுற்ற ஒவ்வொன்றும் தனித்தனிக் காயாகிறது. சீதாப்பழத்தில் இவை எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே பழமாகிவிடும், ஒவ்வொரு கண்ணும் ஒரு சூலகம். மனோரஞ்சிதத்தில் ஒட்டாமல் குலையாகவே தொங்கும், ஒவ்வொரு காயும் மூன்று நாலு சென்டிமீட்டர், பச்சைத் திராட்சையைப் பெரிதாக்கியது மாதிரி, நுனியில் சின்ன மூக்கு. பழுத்தால் மஞ்சள், வாசனையும் உண்டு. வாசனையை நம்பிக் கடித்துவிடாதீர்கள், அது சாப்பிடுகிற பழம் இல்லை. உள்ளே பெரும்பாலும் இரண்டு விதை. விதையைக் குறுக்கே வெட்டினால் கொட்டைப்பாக்கை வெட்டியது போல உள்ளே வரிவரியாக மடிப்புகள் ஓடும். ஜாதிக்காயிலும் இதே மடிப்பு உண்டு. பாக்கு இதற்கு உறவு இல்லை, ஜாதிக்காய் தூரத்துச் சொந்தம்.

இலையையும் தண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலை தனி இலை, மாவிலை மாதிரி நீண்டு பளபளப்பாக இருக்கும், ஓரத்தில் வெட்டு கிடையாது, காம்படியில் இலைச்செதில் என்கிற குட்டி இலை மாதிரியான உறுப்பு கிடையாது. வருஷம் முழுக்கப் பசுமை. தண்டின் பட்டையை உரித்தால் நீளமான நாராக வரும், இது சீதாப்பழக் குடும்பத்தின் பொதுக் குணம், நெட்டிலிங்கத்திலும் பார்க்கலாம்.

மருத்துவ குணம் உண்டா என்று எப்படியும் யாராவது கேட்பார்கள். சீனாவில் இந்தப் பேரினத்துச் செடிக்கு 'யிங்ஜாவ்' என்று பெயர், கழுகு நகம் என்று அர்த்தம், அவர்களும் கொக்கியைத்தான் பார்த்திருக்கிறார்கள். அதன் வேரிலிருந்து 1979-இல் யிங்ஜாவ்சு ஏ என்ற மூலக்கூறைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாக் கிருமிக்கு எதிரானது, ஆர்ட்டிமிசினின் மருந்தில் இருப்பது போன்ற பெராக்சைடு இணைப்பு இதிலும் இருக்கிறது. வேதியியலாளர்களுக்கு அது பெரிய விஷயம். நீங்கள் வேரைத் தோண்டிக் கஷாயம் வைப்பதற்கான காரணம் அது இல்லை.

பாம்பு? மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. வாசனைக்குப் பாம்பு வருவதில்லை. தாழம்பூவுக்கும் இதையே சொல்வார்கள். ஆனால் மனோரஞ்சிதத்தைக் கவனிக்காமல் விட்டால் தரையோடு அடர்ந்து புதராகிவிடும், உள்ளே வெயிலே நுழையாது. கொடுங்கையூர் போன்ற தாழ்வான இடத்தில் மழைநீர் தேங்கும், எலியும் தவளையும் அந்தப் புதருக்குள் வந்து உட்காரும், அவற்றைத் தேடித்தான் பாம்பு வரும். அடியில் முழங்கால் உயரத்துக்கு இலையும் கிளையும் இல்லாமல் சுத்தமாக வைத்துவிட்டால் அந்தப் பயம் வேண்டாம். எங்கள் வீட்டில் இத்தனை வருஷத்தில் வந்ததெல்லாம் பச்சைப் புழு. பச்சைப் புள்ளிகள் கொண்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று, பின் சிறகில் குட்டி வால் இருக்கும், சீதாக் குடும்பத்துச் செடிகளில் முட்டையிடும். நெட்டிலிங்கத்தில் வருவதும் அதேதான். இலையைக் கொஞ்சம் தின்னும், தின்றுவிட்டுப் போகட்டும், மருந்து அடிக்காதீர்கள்.

செய்ய வேண்டியது என்னவென்றால், இந்த வருஷம் கத்தரியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். நிமிர்ந்த தண்டுகளில் பலமான இரண்டு மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடியோடு எடுக்கலாம், அதில் நஷ்டம் இல்லை. முழங்கால் உயரத்துக்கு மேலே வரும் பக்கக் கிளைகளைத் தொடவே கூடாது. பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுங்கள். சுவர் போதாது, வழவழச் சுவரில் கொக்கிக்கு வேலை இல்லை. ஜி.ஐ. பைப்பில் ஒரு வளைவு, அல்லது சவுக்குக் கட்டையில் பந்தல், அல்லது பழைய ஜன்னல் கம்பிச் சட்டத்தைச் சுவரில் சாய்த்தால்கூடப் போதும். விரல் தடிமனுக்கு உட்பட்ட கம்பிகள்தான் கொக்கிக்கு வசதி. மின்சார ஒயர் பக்கம் மட்டும் விடாதீர்கள், எங்கள் கொடி கேபிள் ஒயரைப் பிடித்த கதையைச் சொன்னேன் அல்லவா.

வெயில் நாலைந்து மணி நேரம் வேண்டும். நிழலில் இலை நன்றாக இருக்கும், பூ குறையும். தண்ணீர் விஷயத்தில் நம் பக்கத்துக்கு இரண்டு கஷ்டம். கடலோரம் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் மணல், போர் தண்ணீர் உப்பு. அதையே ஊற்றிக்கொண்டிருந்தால் இலை ஓரம் தீய்ந்து போகும், நான் பட்டிருக்கிறேன். அரிசி கழுவிய தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் தேறியது. உங்கள் பக்கம் களிமண், தண்ணீர் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவிலேயே மூன்று நாள் தண்ணீர் நின்றது, கொடி பாதி இலையைக் கொட்டிவிட்டது, செத்தது என்று நினைத்தேன், தை மாதம் துளிர்த்தது. வயதான செடி என்பதால் தாங்கியது. உங்கள் இளம் செடிக்கு அந்தச் சோதனை வேண்டாம், அடியில் மண்ணை ஒரு சாண் மேடு கட்டி, செங்கல் ஜல்லி கொஞ்சம் கலந்துவிடுங்கள். மட்கிய சாணமும் காய்ந்த இலையும் போதும். தழைச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டினால் மறுபடி முள் தண்டுதான் கிளம்பும்.

பக்கக் கிளை வந்ததும் இலைக்கு எதிர்ப்பக்கம் பாருங்கள். முதலில் சின்னதாகப் பச்சை நகம் மாதிரி வரும், அப்புறம் வளையும். கொக்கி வந்துவிட்டால் பூ வரும் இடம் வந்துவிட்டது, மொட்டு அதே கொக்கியில்தான். அன்றைக்கே பூக்காது, ஒரு பருவம் பொறுக்க வேண்டியிருக்கலாம். மொட்டு விரிந்ததும் பச்சையாக இருக்கிறதே என்று பறித்துவிடாதீர்கள், பறித்த பச்சைப் பூவில் அந்த வாசனை வராது. கொடியிலேயே மஞ்சளாகட்டும். மஞ்சளான அன்று சாயங்காலம் பறித்து, பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டு, மாமியார் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். என்ன பழம் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.